லான்ட்மாஸ்டரில் ஏற்றிப் போகக்கூடிய பாய்ப்படகு: வீட்டில் கட்ட எந்த வரைபடம்?

வாய்க்கால்கரை (முத்தையன்கட்டு)

மூன்று வருடமாக மனதுக்குள் வைத்திருந்ததை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். வீட்டிலேயே ஒரு சிறு பாய்ப்படகு கட்ட விருப்பம். எந்த வரைபடத்தை எடுப்பது என்பதில்தான் சிக்கி நிற்கிறேன்.

என் தொழில் தச்சு. கதவு, யன்னல், அலுமாரி செய்கிறேன். படகு ஒன்றும் இதுவரை கட்டியதில்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் இருக்கிறது. மரம் அடுக்கிய இடம் போக 18 அடி நீளம் வேலைக்கு மிஞ்சும். கார், ஜீப் இல்லை. லான்ட்மாஸ்டரும் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) அது இழுக்கிற பெட்டியும்தான். படகு தெருவில் போகக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு நாள் முத்தையன்கட்டுக் குளம், இன்னொரு நாள் ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போய் நந்திக்கடல் களப்பு, கடல் அடங்கிக் கிடக்கிற நாளில் கரையை ஒட்டிக் கொஞ்சத் தூரம். ஏறுவது நான், மனைவி, ஒன்பது வயது மகள்.

ஏன் பாய் என்று கேட்பீர்கள். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340க்கு ஏறியது நினைவிருக்கும். அதற்கு முன்பே எண்ணெய்க்கு வரிசை. என் மாமா களப்பில் தொழில் செய்கிறவர். எஞ்சினைக் கழற்றி விறாந்தையில் சாக்கால் மூடி வைத்துவிட்டார். ஒரு பின்னேரம் பைபர் படகில் சவுக்குத்தடி ஒன்றை நட்டு, தறப்பாளை விரித்துக் கட்டி, என்னையும் ஏறச் சொன்னார். துடுப்பைப் பின்னால் பிடித்து அதையே சுக்கானாக்கினார். எஞ்சின் சத்தம் இல்லாமல் ஒரு படகு போவதை அன்றைக்குத்தான் முதன்முதலில் அறிந்தேன். அடியில் தண்ணீர் சலசலக்கிறது. கரையில் யாரோ மாட்டைக் கூப்பிடுகிற குரல் பக்கத்தில் நிற்பதுபோலக் கேட்கிறது. அந்தப் பின்னேரம் இன்னும் என்னை விடவில்லை.

பார்த்து வைத்திருப்பவை நான்கு: 15 அடி பொக்கெட்ஷிப், நியூசிலாந்து ஜோன் வெல்ஸ்ஃபோர்ட் வரைந்த நவிகேற்றர், அவுஸ்திரேலியாவின் மைக்கல் ஸ்டோரர் வரைந்த கோட் ஐலண்ட் ஸ்கிஃப், பழைய மிரர். மனம் பொக்கெட்ஷிப்பில்தான் நிற்கிறது. சிறு அறை இருக்கிறது, இரவில் உள்ளே படுக்கலாம், மழை வந்தால் மகள் நனைய மாட்டாள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மெல்பேர்ண் உளி

தம்பி, உங்கள் எழுத்தைப் படித்ததும் என் வேலையை நிறுத்திவிட்டுப் பதில் எழுதுகிறேன். எட்டு வருடத்துக்கு முன் இங்கே கராஜுக்குள் கோட் ஐலண்ட் ஸ்கிஃப் கட்டினேன். பிறந்தது மாங்குளம். அதனால் இரண்டு பக்கமும் தெரிந்து சொல்கிறேன்.

அறை உள்ள படகில் எல்லோருக்கும் முதலில் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் பொக்கெட்ஷிப் ஒன்றும் ஏற்றாமலே 350 கிலோவுக்கு மேல். அது காரைப் பின்னுக்கு விட்டு, சீமெந்துச் சரிவில் றெயிலரைத் தண்ணீருக்குள் இறக்கி, படகைத் தானாக மிதக்கவிடுகிற ஊர்களுக்காக வரைந்தது. உங்கள் குளத்தில் அப்படி ஒரு சரிவு இருக்கிறதா? மாசியில் தண்ணீர் நிற்கிற இடமும் ஆவணியில் நிற்கிற இடமும் ஒன்றா? வற்றிய காலத்தில் கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே எவ்வளவு தூரம் சேறு? அதற்குள் 350 கிலோவைத் தள்ளுவது யார்?

நவிகேற்றர் நல்ல படகு, 4.5 மீற்றர், 140 கிலோ. ஆனால் பலகைமேல் பலகை ஏற்றிக் கட்டுகிற முறை. அழகு, வேலையும் அதிகம். ஸ்கிஃப் 4.7 மீற்றர் நீளம், 1.5 மீற்றர் அகலம், தட்டை அடி, உடல் 60 கிலோ சுற்றி. மிரர் 3.3 மீற்றர், 45 கிலோ. இந்த இரண்டுக்குள் யோசிக்கச் சொல்வேன்.

படகை முதலில் இரண்டு பேர் தூக்குகிற பொருளாகப் பாருங்கள், மிதக்கிற பொருளாக அதற்குப் பிறகு பார்க்கலாம்.

கரைவலை (முல்லைத்தீவு)

தம்பி, நான் வரைபடம் ஒன்றும் அறியேன். நந்திக்கடல் ஓரத்திலேயே வளர்ந்தவள், அதைச் சொல்கிறேன்.

களப்பு பார்க்கப் பெரிய கடல்போல இருக்கும். நடுவில் இறங்கி நின்றால் பல இடத்தில் இடுப்பளவுதான். வற்றுகிற காலத்தில் முழங்கால். நாங்கள் இறாலுக்கு இறங்குகிற இடமெல்லாம் நடந்தே போகிற இடம். தடி நட்டு வலை கட்டியிருப்பார்கள். தடி தெரியும், தண்ணீருக்குள் இருக்கிற கயிறு தெரியாது. உங்கள் படகுக்கு அடியில் நீட்டிக்கொண்டு நிற்கிற பலகை எதுவாக இருந்தாலும் அது ஒருவருடைய வலையைக் கிழிக்கும். அந்த வலைக்குப் பின்னால் ஒரு வீட்டு அடுப்பு இருக்கிறது.

அதனால் அடிப்பலகையைச் சட்டென்று மேலே இழுக்கக்கூடிய படகாகப் பாருங்கள். சுக்கானும் எதிலும் பட்டால் தானே மேலெழும்ப வேண்டும். ஒரு மரக்கோலும் வைத்திருங்கள். காற்று விழுந்தால் ஊன்றித் தள்ளிக்கொண்டு வரலாம்; நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வருகிறோம்.

இன்னொன்று. வட்டுவாகல் பாலத்துக்குக் கீழால் பாய்மரத்தோடு போக நினைக்க வேண்டாம். எந்தப் பக்கத்தில் இறக்குகிறீர்களோ அந்தப் பக்கத்திலேயே ஏற்றுங்கள்.

பழைய வள்ளம் (கள்ளப்பாடு)

கரைவலைப் பிள்ளை சொன்னது சரி. நான் கடலைப் பற்றிச் சொல்கிறேன்.

தம்பி, கடல் அடங்கிக் கிடக்கிற நாளில் கரையை ஒட்டிப் போவேன் என்று எழுதியிருக்கிறாய். எந்த மாதத்தில்? வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம். எங்கள் கரை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகிறது. சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிறது. அதாவது தரையிலிருந்து கடலுக்கு. கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் பாய் விரித்ததுபோலக் கிடக்கும், அலையே இருக்காது, குழந்தையையும் ஏற்றலாம் என்று தோன்றும். அரைக் கட்டை (அரை மைல்) வெளியே போனபிறகுதான் காற்று எவ்வளவு என்று தெரியும். அப்போது திரும்ப வேண்டுமென்றால் காற்றுக்கு எதிரே வர வேண்டும். பாய்ப்படகு நேரே எதிரே வராது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று வெட்டி வெட்டித்தான் வரும். புதிதாகப் பழகுகிறவனுக்கு அது கைவராது. எஞ்சின் இல்லாதவன் அப்படியே கிழக்கே போவான்.

மன்னார், நாச்சிக்குடாப் பக்கம் இதே சோளகம் கரைக்கு அடிக்கும். அங்கே அலை பொல்லாதது, ஆனால் தவறினாலும் கரையில்தான் கொண்டுவந்து போடும். எங்கள் பக்கம் அப்படி இல்லை. வாடைக் காலத்தில் காற்று கரைக்கு வரும், ஆனால் அந்தக் கடலில் உன் 60 கிலோப் படகை இறக்கவே முடியாது.

ஆகையால் முதல் இரண்டு வருடம் கடலை மறந்துவிடு. குளத்துக்கும் களப்புக்கும் என்று படகைத் தேர்ந்தெடு. கடலுக்கும் சேர்த்து என்று தேடினால் ஒன்றுக்கும் பொருந்தாத பாரமான படகுதான் வரும்.

வாய்க்கால்கரை

ஐயா, நீங்கள் எழுதியதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு சொல்லும் சொல்லாமல் தலையை ஆட்டினார். பிறகு, “அன்றைக்கு உன்னை ஏற்றினேனே, அது களப்பில் என்றபடியால்தான்” என்றார். கடலை இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

மெல்பேர்ண் அண்ணை கேட்ட கேள்விக்குப் பதில் தேட நேற்றுக் குளத்துக்குப் போனேன். கட்டுப் பக்கம் கருங்கல், படகை இறக்க முடியாது. மறுபக்கம் மாடு இறங்குகிற சரிவு இருக்கிறது. அங்கிருந்து தண்ணீர் வரை அடி வைத்து அளந்தேன், 64 அடி. முதல் பாதி இறுகிய தரை, பிறகு கணுக்கால் புதைகிற சேறு. என் கொட்டிலில் 50 கிலோ சீமெந்துப் பை கிடந்தது. அதைக் கொண்டுபோய் நானும் மைத்துனரும் ஒரு பலகையில் வைத்து அந்த 64 அடியும் தூக்கி நடந்தோம். முடிகிறது. இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினோம். இதே இடத்தில் 140 கிலோ என்றால் நான்கு பேர் வேண்டும்; நான்கு பேரைத் தேடிப் பிடித்துத்தான் போக வேண்டுமென்றால் நான் மாதத்தில் ஒரு நாளும் போக மாட்டேன்.

பொக்கெட்ஷிப் படத்தைக் கொட்டில் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். மனம் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

உவர்மண் (பூநகரி)

எல்லோரும் ஒற்றைப் படகைப் பற்றியே கதைக்கிறீர்கள். ஜேம்ஸ் வாரம் வரைந்த இரட்டைப் படகுகளை யாரும் பார்க்கவில்லையா? டிக்கி 21 என்று ஒன்று. ஒடுங்கிய இரண்டு உடல், நடுவே குறுக்கு மரங்களைக் கயிற்றால் வரிந்து கட்டுவது. ஆணி, பூட்டு வேண்டாம். ஆழமும் மிகக் குறைவு. ஆங்கிலத்தில் கட்டமரான் என்கிறார்களே, அந்தச் சொல்லே எங்கள் கட்டுமரத்திலிருந்து போனது. எங்கள் பொருளை நாங்களே கட்டாமல் விடலாமா?

மெல்பேர்ண் உளி

சொல் எங்களுடையதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் பொருள் வேறு. எங்கள் கட்டுமரம் மரக்குற்றிகளை அணைத்துக் கட்டிய மிதவை. இரண்டு உடலைக் குறுக்குமரத்தால் சேர்க்கிற படகு பசிபிக் தீவுக்காரர்களுடைய அறிவு. வாரமும் அங்கிருந்துதான் எடுத்தார். இரண்டும் பெருமைக்குரியவை.

படகு அருமையானது. தண்ணீரிலேயே கட்டிவைக்கக் கூடியவருக்கு நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் அது 21 அடி நீளம், பூட்டினால் 12 அடி அகலம். தம்பியின் கொட்டிலில் மிஞ்சுவது 18 அடி. தெருவில் கொண்டுபோக ஒவ்வொரு முறையும் பிரித்துப் பூட்ட வேண்டும். பின்னேரம் நான்கு மணிக்கு வேலை முடித்துவிட்டு ஆறரைக்கு இருட்டுவதற்குள் குளத்தில் ஒரு சுற்று வர நினைக்கிறவர், ஒரு மணித்தியாலம் கயிறு வரிந்துகொண்டு நிற்கக் கூடாது.

உவர்மண்

அது நியாயம். சங்குப்பிட்டிப் பக்கம் வந்தால் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் ஒரு நாள் இரட்டைப் படகு கட்டத்தான் போகிறேன்.

பைபர் பட்டறை (முல்லைத்தீவு)

எனக்கு ஒரு கேள்வி. எப்பொக்சி எப்பொக்சி என்று, இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகுகிற ஒட்டை, எல்லா வரைபடத்திலும் போட்டிருக்கிறார்கள். கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும், விலையும் பல மடங்கு. எங்கள் பட்டறையில் பொலியெஸ்டர் ரெசின் பரல் பரலாக இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஓடுகிற பைபர் படகெல்லாம் அதில்தான் வார்த்தது. மிரர் படகையும் தொடக்கத்தில் பொலியெஸ்டரால்தான் ஒட்டினார்கள் என்று வாசித்தேன். பிறகு ஏன் தம்பியைச் செலவுக்குள் தள்ளுகிறீர்கள்?

மெல்பேர்ண் உளி

மிரர் பற்றிச் சொன்னது முழு உண்மை. 1962இல் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் அதை உருவாக்கியபோது, பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, உள்ளேயும் வெளியேயும் கண்ணாடியிழை நாடா வைத்து, பொலியெஸ்டரால் ஒட்டச் சொன்னார்கள். வீட்டில் வேலை தெரியாதவரும் கட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம். 70,000க்கு மேல் கட்டப்பட்டன.

ஆனால் அந்தப் பழைய மிரர்களைத் திருத்துகிறவர்கள் முதலில் செய்கிற வேலை, மரத்தைவிட்டுக் கழன்று நிற்கிற நாடாவை உரிப்பதுதான். பொலியெஸ்டர் பைபரோடு பைபராக நன்றாகச் சேரும். மரத்தைப் பிடிக்கிற பிடி குறைவு, இறுகும்போது சுருங்கவும் செய்யும். எப்பொக்சி மர நாருக்குள் இறங்கிப் பிடிக்கும், சுருக்கமும் மிகக் குறைவு. முழுப் படகும் ஒட்டிலேயே நிற்கிற முறையில் ஒட்டில் மிச்சம் பிடிக்கக் கூடாது. பாய், கயிறு, பெயின்ற் எல்லாவற்றிலும் மிச்சம் பிடிக்கலாம்.

பைபர் பட்டறை

இதை யோசித்துப் பார்த்தேன். எங்களிடம் திருத்த வருகிற படகில் அதிகம் கெட்டுப்போய் வருவது எஞ்சின் பூட்டுகிற பின்பலகை. உள்ளே ப்ளைவூட் வைத்துப் பொலியெஸ்டரால் மூடியிருப்போம். வெட்டித் திறந்தால் பைபர் ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம், நடுவே கறுத்த தண்ணீர். மரம் தேயிலைத் தூள்போல உதிரும். நீங்கள் சொல்கிற அதே பிரிவுதான். சரி, ஒட்டுக்கு எப்பொக்சி.

ஆனால் எங்கள் வெக்கையில் ரெசின் வேலை எப்படி என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்கிறேன். பத்துப் பாகை சூடு கூடினால் இறுகுகிற நேரம் பாதியாகும். சித்திரை மாதத்தில் தகரக் கொட்டிலுக்குள் ஒரு கோப்பை நிறையக் கலந்தால், தூரிகையை எடுப்பதற்குள் புகையும். சிறிது சிறிதாகக் கலந்து, உடனே அகலத் தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள். ஆழமாக நின்றால்தான் சூடேறும்.

இன்னொன்று, வெறும் மரத்துக்கு முதல் பூச்சைக் காலையில் பூசாதீர்கள். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கிற காற்று விரிந்து வெளியே வரும். பூச்சு முழுக்கக் கொப்புளம். பின்னேரம் சூடு இறங்கத் தொடங்கியதும் பூசுங்கள். மரம் குளிரும்போது பூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த நாள் மேலே மெழுகுபோல ஒரு பிசுபிசுப்பு இருந்தால் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அது உள்ளே போய் அடுத்த பூச்சைப் பிடிக்க விடாது.

வெளியே வெளிர் நிறம் பூசுங்கள். கருநீலம் அழகாக இருக்கும், ஆனால் வெயிலில் அந்தப் பலகையில் கை வைக்க முடியாது. எப்பொக்சி அந்தச் சூட்டில் இளகும்.

வாய்க்கால்கரை

அண்ணை, இதை எல்லாம் கொப்பியில் எழுதி வைத்துவிட்டேன். நன்றி.

இந்தக் கிழமை ப்ளைவூட் பார்த்தேன். வவுனியாவில் இரண்டு இடத்தில் 6 மில்லிமீற்றர் மரைன் ப்ளைவூட் என்று தந்தார்கள். இரண்டிலும் முத்திரை இருந்தது. ஒவ்வொரு கைத்துண்டு வாங்கிவந்து, அம்மாவின் பழைய நெல் அவிக்கிற பானையில் போட்டு ஒரு மணித்தியாலம் கொதிக்கவிட்டேன், வெயிலில் காயவைத்தேன், திரும்பக் கொதிக்கவிட்டேன். மூன்றாம் தரம் எடுத்தபோது ஒன்று புத்தகம்போல விரிந்துவிட்டது. நகத்தால் தட்டுத் தட்டாகப் பிரிக்க முடிந்தது. மற்றது நிறம் மட்டும் மாறியது. உளியை விளிம்பில் வைத்து நெம்பினேன். மரம் சிராய் சிராயாகக் கிழிந்தது, பசை விடவில்லை. அதைத்தான் எடுக்கப்போகிறேன்.

ஒரு கவலை. முழுத் தாள் ஒன்றைத் தராசில் வைத்தேன், 13 கிலோ.

மெல்பேர்ண் உளி

கொதிக்க வைத்துப் பார்த்தது அருமையான வேலை. முத்திரையை நம்பி ஏமாந்தவர்கள் பலர்.

நான் கட்டியது ஒகுமே என்ற இலேசான மரத்தின் தாளில். ஒன்று 9 கிலோவுக்குள். உங்களுடையது கடினமரம். தாளுக்கு 4 கிலோ கூடினால் முழுப் படகுக்கு 20 கிலோ வரை கூடும். 60 என்பது 80 ஆகும். சீமெந்துப் பையோடு நடந்த கணக்கை மறக்காமல் இப்போதே முடிவெடுங்கள். கடினமரம் சேதப்படாமல் நீண்ட நாள் நிற்கும் என்பதும் உண்மை. கரைக்குத் தள்ளிப் போகச் சிறு கைவண்டி ஒன்று செய்தால் 80 ஒரு பாரமே இல்லை.

இனி ஸ்கிஃப்பா மிரரா என்பதைப் பேசுவோம். ஸ்கிஃப்பின் நீளம் 4.7. எட்டடித் தாள் இரண்டை நுனிக்கு நுனி ஒட்டினால் 4.88. வீண் போவது மிகக் குறைவு, அதை வரைந்தவர் கணக்காகத்தான் வரைந்திருக்கிறார். பாய் 9.8 சதுர மீற்றர், ஒற்றைப் பாய். பாய்மரத்தைப் பிடிக்கக் கயிறு கம்பி எதுவும் இல்லை, துளைக்குள் இறக்கினால் தானே நிற்கும். பத்து நிமிடத்தில் பூட்டிவிடலாம். குறை என்ன? அது வேகமான படகு. ஓட்டுகிறவர் கவனமில்லாமல் இருந்தால் கவிழ்க்கும். கவிழ்ந்தால் உள்ளே நிறையத் தண்ணீர் நிற்கும், ஏனென்றால் முன்னும் பின்னும் மட்டும்தான் மூடிய காற்றுப்பெட்டி.

பழைய வள்ளம்

அந்தப் பாயின் படத்தைப் பேரன் காட்டினான். மேலே ஒரு பருமல் (பாயைத் தாங்குகிற குறுக்குத்தடி), கீழே ஒரு தடி, நடுவே நாலு மூலைப் பாய். பாயை ஏற்றி இறக்குகிற ஆஞ்சான் கயிறு ஒன்று, பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கிற தாமான் கயிறு ஒன்று. இது எனக்கு விளங்குகிறது. காற்று கூடினால் ஆஞ்சானை அவிழ்த்துவிட்டால் முழுப் பாயும் மடியில் விழும். அதுதான் வேண்டும், பிள்ளை ஏறுகிற படகில் ஒரு கயிற்றை விட்டால் எல்லாம் அடங்க வேண்டும். மிரரில் முன்னால் இன்னொரு சிறு பாயும் இருக்கிறதாம். புதியவனுக்கு ஒரு பாய் போதும்.

பாயை இரண்டு தரம் சுருக்கிக் கட்ட இடம் வைத்துத் தை. முதல் வருடம் முழுப் பாயை விரிக்கவே வேண்டாம். தண்ணீரில் ஆங்காங்கே வெள்ளை நுரை தெரிகிறதென்றால் நீ ஏற்கனவே பாயைச் சுருக்கியிருக்க வேண்டும்.

பாய்மரத்துக்குச் சவுக்கு எடுக்கலாம், ஆனால் பாரம். தச்சன்தானே, நல்ல நேர்நாருள்ள இலேசான மரத்தில் நாலு பலகையைப் பெட்டிபோல ஒட்டி, உள்ளே கூடாக வைத்துச் செய். பருமலுக்கு முற்றிய மூங்கில் போதும். விலா மரத்துக்குப் பூவரசு தேடு என்று சொல்ல வந்தேன், பிறகுதான் பார்த்தேன், இந்தப் படகுக்கு வளைந்த விலாவே இல்லை. நாங்கள் வேம்பிலும் இலுப்பையிலும் வள்ளம் கட்டிய காலத்தில் வளைவுக்கு ஏற்ற கிளையைத் தேடியே காடு காடாக அலைந்தோம். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை ஓடியது அப்படிக் கட்டிய கட்டுத்தான். தாளை வளைத்து ஒட்டுகிற இந்த வேலை எனக்குப் புதிது. பார்க்க ஆசையாக இருக்கிறது.

கரைவலை

தம்பி, குளத்தில் முதலை இருக்கிறதே. கவிழ்த்துப் பழகுவது என்றெல்லாம் எழுதுகிறார்கள், எங்கே பழகப் போகிறீர்கள்?

வாய்க்கால்கரை

அக்கா, அதைத்தான் நானும் யோசித்தேன். குளத்தில் முதலையும் உண்டு, தண்ணீருக்குள் பட்ட மரக் குற்றிகளும் உண்டு. கவிழ்க்கிற பழக்கத்தைக் களப்பில், இடுப்பளவுத் தண்ணீரில், மாமாவின் படகு பக்கத்தில் நிற்கச் செய்யலாம் என்று முடிவு. மகள் அன்றைக்கு வரமாட்டாள். படகில் ஏறுகிற எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி, மாமா உட்பட. அவர் வாழ்க்கையில் அதைப் போட்டதில்லை; பேத்தி சொன்னால் போடுவார்.

நடு இருக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் மூடிய பெட்டி செய்யப்போகிறேன். ஒரு லீற்றர் காற்று ஒரு கிலோவைத் தாங்கும் என்பது கணக்கு. பக்கத்துக்கு 60 லீற்றர் வைத்தால் தண்ணீர் நிறைந்தாலும் விளிம்பு மேலே நிற்கும், வாளியால் அள்ளி ஊற்றலாம். மெல்பேர்ண் அண்ணை, பிழையென்றால் திருத்துங்கள்.

மெல்பேர்ண் உளி

கணக்குச் சரி. ஒவ்வொரு பெட்டிக்கும் திறந்து பார்க்க மூடி வையுங்கள், உள்ளே ஈரம் நின்று அழுகக் கூடாது. படகு கொட்டிலில் நிற்கும்போது மூடிகளைத் திறந்தே வையுங்கள்.

பாயை எதில் தைக்கிறீர்கள்? தறப்பாள் முதல் பாய்க்குப் போதும், ஒரு வருடம் நிற்கும், பிறகு வெயிலில் நைந்துவிடும்.

வாய்க்கால்கரை

அம்மாவிடம் தறப்பாள் என்று சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அதுக்குக் கீழே எவ்வளவு காலம் இருந்தோம். திரும்பவும் அதைத் தலைக்கு மேல பார்க்க வேண்டாமடா.” 2009க்குப் பிறகு நாங்கள் முகாமில் இருந்த மாதங்கள் அவருக்கு இன்னும் அந்தத் துணியில்தான் இருக்கிறது. அதனால் தறப்பாள் இல்லை. நெருக்கமாக நெய்த பொலியெஸ்டர் துணி எடுத்து, அம்மாவின் கால்மெசினிலேயே தைக்கப்போகிறோம். அவரே தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உவர்மண்

இறக்குவதற்கு முன் அனுமதி விடயத்தையும் பாருங்கள். சுண்டிக்குளம் 2015இலிருந்து தேசியப் பூங்கா, கொக்குளாய் சரணாலயம். அங்கே கேட்காமல் போகக் கூடாது. குளத்துக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஒரு சொல் சொல்லுங்கள். களப்பில் இறக்குகிற அன்று கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் பக்கத்துக் கடற்படை முகாமுக்கும் முதலே தெரிவியுங்கள். புதுப் பாய் ஒன்று திடீரென்று தெரிந்தால் நாலு பேர் விசாரிக்க வருவார்கள். சொல்லிவைத்தால் உங்களுக்கும் நிம்மதி.

வாய்க்கால்கரை

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். கோட் ஐலண்ட் ஸ்கிஃப் வரைபடம் வாங்கிவிட்டேன்.

முதலில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் மட்டையில் வெட்டி ஒட்டிப் பார்த்தேன். மகள் அதற்குக் கடதாசிப் பாய் வைத்துத் தொட்டியில் விட்டாள். அந்த மாதிரியை வைத்துத்தான் லான்ட்மாஸ்டர் சிக்கலும் தீர்ந்தது. ஓட்டுகிறவன் பெட்டியின் முன்நுனியில் இருக்கிறபடியால் படகை முன்னுக்குத் தள்ளி வைக்க முடியாது. முழுக்கப் பின்னுக்கு விட்டால் வால் தெருவில் ஆடும். இப்போது பெட்டிக்கு மேல் உயரமான மரச்சட்டம் அடித்து, படகைக் கவிழ்த்து ஏற்றப்போகிறேன். அணியம், அதாவது படகின் முன்பக்கம், என் தலைக்கு மேலே கூரைபோல வரும். வெயிலும் படாது. பின்னால் சிவப்புத் துணி. கரையிலிருந்து தண்ணீர் வரை தள்ள, பழைய ஓட்டோச் சில்லு இரண்டு போட்டுக் கைவண்டி செய்தாயிற்று; அந்த 64 அடியிலும் வெறுமையாக ஓட்டிப் பார்த்தேன், சேற்றில் புதையவில்லை.

நேற்றுத்தான் முதல் ஒட்டு. 6 மில்லிமீற்றர் தாளுக்கு எட்டு மடங்கு, அதாவது 48 மில்லிமீற்றர் நீளத்துக்குச் சரிவாகச் சீவ வேண்டும். இழைப்புளியைத் தீட்டி, இரண்டு தாளையும் படி வைத்ததுபோல அடுக்கி ஒன்றாகவே சீவினேன். ப்ளைவூட் தட்டுகளின் கோடுகள் நேராக வந்தால் சரிவு சரி என்று அர்த்தம். கோடு வளைந்த இடத்தில் மேடு இருக்கிறது. இரண்டு மணித்தியாலம் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே சீவினேன். நாலு கோடும் நூல் பிடித்ததுபோல வந்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

முழுத் தாளை ஒட்டும் முன் கைத்துண்டில் ஒட்டி இரண்டு நாள் வைத்து முழங்காலில் வைத்து முறித்தேன். ஒட்டுக்கு மூன்று விரல் தள்ளி மரம்தான் முறிந்தது. ஒட்டு அப்படியே இருக்கிறது. அந்தத் துண்டு இப்போது கொட்டில் சுவரில், பொக்கெட்ஷிப் படம் இருந்த ஆணியில் தொங்குகிறது.

பழைய வள்ளம்

படத்தில் பார்த்தேன், சீவல் நல்லாக இருக்கிறது. பாயின் ஓரத்துக்குக் கயிறு வைத்துத் தைக்க வேண்டும், அது மெசினில் வராது, கையால்தான். உன் அம்மா துணியை வெட்டும் முன் சொல்லு. நான் ஊசியும் மெழுகும் கொண்டுவருகிறேன். ஒட்டுசுட்டான் சந்தியில் இறங்கினால் யாராவது வந்து கூட்டிக்கொண்டு போனால் போதும்.

வாய்க்கால்கரை

ஐயா, சந்திக்கு நானே வருகிறேன். தைப்பொங்கல் முடிந்த கிழமை துணி வெட்டுகிறோம்.